கடல் குறுக்கிடும் சாலை: நோர்வேயின் ஈ39 பற்றிச் சில கேள்விகள்

பெர்கனில் வசிக்கிறேன். பதினெட்டு ஆண்டுகளாக நோர்வேயின் மேற்குக் கரையோரச் சாலையான ஈ39-இல் லொறி ஓட்டுகிறேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

வரைபடத்தில் இந்தச் சாலை கடலில் போய் முடிந்து, எதிர்க்கரையில் மறுபடி தொடங்குகிறதே, எப்படி? (பள்ளி ஆசிரியர், திருச்சி)

இடையில் வாகனப் படகு ஓடுகிறது, ஐயா. தெற்கே கிறிஸ்டியான்சான்டிலிருந்து வடக்கே ட்ரொண்ட்ஹைம் வரை ஏறத்தாழ 1,100 கிலோமீற்றர். ஓடி முடிக்கச் சுமார் 21 மணி நேரம் பிடிக்கும். ஏழு இடங்களில் வண்டியைப் படகில் ஏற்றியாக வேண்டும். அந்தப் படகும் தேசிய சாலையின் ஒரு பகுதிதான். படகுகளை நீக்கிவிட்டு, சுரங்கங்களும் மிதக்கும் பாலங்களும் அமைத்துப் பயண நேரத்தை ஏறத்தாழப் பாதியாக்கும் யோசனை அரசுக்கு உண்டு.

யாழ்ப்பாணத்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே வண்டிகளை ஏற்றிச் செல்லும் மிதவைக்கு எங்கள் ஊரில் பெயரே 'பாதை'தான். "பாதை வந்துவிட்டதா?" என்று கரையில் நின்று கேட்டு வளர்ந்தவன் நான். இங்கே முதன்முதலில் படகுத்துறையில் நின்றபோதும் அந்தச் சொல்தான் வாயில் வந்தது.

கடலுக்கு அடியில் சுரங்கம் தோண்டிவிட்டால் போதாதா? (கட்டுமானப் பொறியியல் மாணவி, கோவை)

தோண்டுகிறார்கள், தங்கச்சி. ஆனால் ஆழத்தைப் பாருங்கள். ஃபியோர்டு என்பது பனியாறு குடைந்துவிட்டுப் போன பள்ளத்தாக்கில் கடல் புகுந்த இடம். பெர்கனுக்கு வடக்கே உள்ள சோக்னஃபியோர்டின் மிக ஆழமான இடம் 1,308 மீற்றர். ஈ39 அதைக் கடக்கும் பகுதியிலும் ஆழம் 1,200 மீற்றருக்கு மேல். புதிய சுரங்கங்களில் சரிவு 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அந்தச் சரிவில் 1,250 மீற்றர் இறங்க 25 கிலோமீற்றர், ஏற இன்னொரு 25. நாலைந்து கிலோமீற்றர் அகல நீரைக் கடக்க ஐம்பது கிலோமீற்றர் சுரங்கம்!

பனியாறு கடலை நெருங்கும்போது மெலிந்து, குடையும் வலுவை இழந்துவிடும். அதனால் பொதுவாக ஃபியோர்டின் வாய்ப்பகுதியில் ஆழம் குறைவு. தென்மேற்கே ஸ்டவாங்கர் நகருக்கு வடக்கே, பொக்னாஃபியோர்டு திறந்த கடலைச் சந்திக்கும் பக்கமாகத்தான் 'ரோக்ஃபாஸ்ட்' சுரங்கம் போகிறது. நீளம் ஏறத்தாழ 27 கிலோமீற்றர். மிகத் தாழ்ந்த இடம் கடல்மட்டத்துக்கு 392 மீற்றர் கீழே. நடுவில் உள்ள குவிட்சோய் தீவுக்கும் ஒரு கிளை பிரிகிறது. 2018-இல் தொடங்கிய வேலை செலவு எகிறியதால் 2019-இல் நின்றுபோய், பிறகு மீண்டும் தொடங்கியது. 2033-இல் திறப்பதாகத் திட்டம்.

மிதக்கும் பாலம் அலையில் அடித்துப் போகாதா? (அதே மாணவி)

பெர்கனுக்கு வடக்கே 1994-இல் திறந்த நூர்ஹூர்லான்ட் பாலத்தில் வாரம் இருமுறையாவது போகிறேன். 1,600 மீற்றர் நீளம். பத்துக் கொங்கிரீட் மிதவைகள் அதைத் தாங்குகின்றன. கடல் தரையோடு கட்டிய நங்கூரம் ஒன்றுகூட இல்லை. கரையை ஒட்டி ஒரு பகுதி மட்டும் கம்பிகளில் தொங்கும் உயரமான பாலம். கப்பல்கள் அதன் கீழே போகும்.

எது பிடித்துவைத்திருக்கிறது என்கிறீர்களா? வளைவு. பாலம் நேர்கோடாக இல்லாமல், கிடத்தி வைத்த வில்லைப் போல வளைந்திருக்கிறது. காற்றும் நீரோட்டமும் பக்கவாட்டில் தள்ளும் விசையை அந்த வில் இரு முனைகளுக்கும் கடத்திவிடுகிறது. கடல் ஏறி இறங்கும்போது வளைந்துகொடுக்க முனையில் நெகிழும் இணைப்பு உண்டு. நான் அறிந்த பொறியியல் வேலைகளில் இதைவிட அழகானது இல்லை.

கடலடிச் சுரங்கத்தில் நீர் கசியுமா? பயமாக இருக்காதா? (இல்லத்தரசி, மட்டக்களப்பு)

கசியும், அக்கா. தோண்டும்போதே முன்னால் உள்ள பாறை வெடிப்புகளில் சிமெந்துக் கரைசலைச் செலுத்தி அடைப்பார்கள். மீறி வரும் நீர் அடியில் உள்ள தொட்டியில் சேரும். அங்கிருந்து பம்புகள் வெளியேற்றும். எனக்குப் பயம் நீரில் இல்லை, சரிவில். பெர்கனுக்குத் தெற்கே 2000-இல் திறந்த பொம்லாஃபியோர்டு சுரங்கம் 260 மீற்றர் ஆழத்துக்கு 8.5 சதவீதச் சரிவில் இறங்குகிறது. நிறைந்த பாரத்தோடு இறங்கும்போது பிரேக் சூடாகும், ஏறும்போது எஞ்சின் திணறும். ஆகவே சின்னக் கியரில் போட்டு மெதுவாக இறங்குவேன். பின்னால் வருகிறவர் ஹோர்ன் அடித்தாலும் சரி.

செலவு யாருடையது? (பெயர் தரவில்லை)

ஒரு பங்கு அரசு, பெரும்பங்கு சுங்கம். அந்த பொம்லாஃபியோர்டு சுரங்கத்துக்கும் அதே வழியில் உள்ள ஸ்டோர்ட் பாலத்துக்கும் கடன் தீர்ந்ததும், 2013-இல் சுங்கத்தை நிறுத்திவிட்டார்கள்.

எல்லாப் படகுகளையும் நீக்கிப் பயண நேரத்தைப் பாதியாக்குவது நல்லதுதானே? (வங்கி அலுவலர், சென்னை)

பொக்னாஃபியோர்டில் நல்லதுதான். அங்கே திறந்த கடலின் காற்று அடிக்கும். இரு பக்கமும் வேலைக்குப் போய் வருகிற மக்கள் நிறைய. நள்ளிரவில் நோயாளியோடு துறையில் காத்திருக்கும் ஆம்புலன்ஸைப் பார்த்தவன் வேறு சொல்ல மாட்டான்.

சோக்னஃபியோர்டில் என் கருத்து வேறு. லாவிக்குக்கும் ஒப்பெடாலுக்கும் இடையே 2015-இல் 'ஆம்பெர்' என்ற படகு ஓடத் தொடங்கியது. உலகில் பற்றரியால் மட்டும் ஓடிய முதல் கார்ப் படகு அதுதான். 120 கார்கள் கொள்ளும். அந்தச் சிற்றூர்களின் மின்கம்பி அவ்வளவு மின்சாரத்தை ஒரே மூச்சில் தராது என்பதால் கரையிலும் பற்றரிகளை வைத்து, படகு இல்லாத நேரத்தில் மெல்ல நிரப்பினார்கள். இருபது நிமிடப் பயணம், புகை இல்லை, இரைச்சல் இல்லை. ஆயிரம் மீற்றர் ஆழத்தின் மேல் கோடிகளைக் கொட்டுவதைவிட, இரவில் இன்னும் இரண்டு படகுகளை ஓட்டினால் அந்த ஊர்களுக்குப் போதும்.

சுற்றுலா வந்தால் எந்தப் படகைத் தவறவிடக் கூடாது? (புதுமணத் தம்பதி, சிங்கப்பூர்)

மொல்டே – வெஸ்ட்னெஸ். அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். வானம் தெளிந்திருந்தால் பனிமலைகள் வரிசையாக நிற்கும். வண்டியைப் பூட்டிவிட்டு மேல்தளக் கடையில் 'ஸ்வேலே' வாங்குங்கள். நம் அப்பம் அளவில் தடித்த இனிப்பு ரொட்டி; வெண்ணெயும் சீனியும் தடவி மடித்துத் தருவார்கள். ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும்.