மில்லிங் டேபிளும் டி-நட்டும்: கேள்வி-பதில்

இந்த முறை புதிதாக மில்லிங் மெஷின் இறக்கியவர்களின் கடிதங்கள்தான் அதிகம். பெரும்பாலும் டி-ஸ்லாட் (டேபிளில் தலைகீழ் T வடிவில் வெட்டிய பள்ளம்), டி-நட் (அதற்குள் ஓடி, கிளாம்பை இறுக்கப் பிடிப்பு தரும் நட்) பற்றியே கேட்டிருப்பதால் எல்லாவற்றுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

எம்12 டி-நட் ஒரு செட் வாங்கினேன். என் மெஷினில் நுழையவே இல்லை. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார். என்ன செய்வது? (அம்பத்தூர்)

உங்கள் ஸ்லாட் எத்தனை மி.மீ. என்று கடிதத்தில் எங்குமே இல்லை. கடையிலும் சொல்லியிருக்க மாட்டீர்கள். எம்12 என்பது நட்டில் திருகும் ஸ்டட்டின் (மரை வெட்டிய கம்பியின்) அளவு. 14 ஸ்லாட்டுக்கும் (கழுத்து 14 மி.மீ. அகலம்) எம்12 நட் உண்டு, 16 ஸ்லாட்டுக்கும் உண்டு. 58 பீஸ் கிளாம்பிங் கிட்டும் இரண்டு அளவிலும் வருகிறது, பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். உங்களுடையது 14 ஸ்லாட், வாங்கியது 16-க்கான நட் என்றுதான் தோன்றுகிறது. கடைக்காரர் மேல் தப்பில்லை.

நட் வாங்கப் போகுமுன் நான்கு அளவு எடுங்கள்: கழுத்தின் (மேலே குறுகிய பகுதியின்) அகலம், அடியில் விரிந்த இடத்தின் அகலம், அந்த இடத்தின் உயரம், மொத்த ஆழம். டி-ஸ்லாட் அளவுகளுக்கான ஐஎஸ்ஓ 299 தரத்தை ஒட்டிச் செய்த டேபிளில் 14 ஸ்லாட் என்றால் ஏறக்குறைய 14, 23, 9 இருக்கும், ஆழம் 23-க்குக் குறையாது. 18 ஸ்லாட்டில் 18, 30, 12, ஆழம் 30-க்குக் குறையாது. அதில் ஓடுகிற நட்டின் தலை 14-க்கு 22 அகலம், 8 உயரம். 18-க்கு 28 அகலம், 10 உயரம். டேபிளின் ஓரத்தில் அளக்கும்போது சாம்ஃபரை (சரிவாக வெட்டிய விளிம்பை) தாண்டி உள்ளே அளக்க வேண்டும். அளந்து எழுதிக்கொண்டு போங்கள், மனக்கணக்கு வேண்டாம்.

புது எம்1டிஆர் (டரட் மில்லிங்) மெஷின். மற்ற ஸ்லாட்களில் நட் நன்றாக ஓடுகிறது. நடு ஸ்லாட்டில் பாதி தூரத்தில் நின்றுவிடுகிறது. லேசாகத் தட்டினால் போய்விடும் போலிருக்கிறது, தட்டலாமா? (கோவை, கணபதி)

தட்டாதீர்கள். தட்டி உள்ளே போன நட்டை வெளியே எடுக்க அதைவிடப் பலமாகத் தட்ட வேண்டிவரும்.

முதலில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் ஸ்லாட் முழுவதும் தேயுங்கள். புது மெஷினில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய கிரீஸ் காய்ந்து, அதில் ஃபேக்டரியில் வெட்டிய தூளும் பெயின்ட்டும் ஒட்டி, அரக்கு மாதிரி இறுகிக் கிடக்கும். பாதிப் புகார்கள் இதோடு தீர்ந்துவிடும்.

பிறகும் அதே இடத்தில் நின்றால், டேபிளின் மேல் அந்த இடத்தை மார்க்கரால் குறியுங்கள். நட்டைத் தலைகீழாகத் திருப்பி, அதன் கழுத்து மட்டும் மேலிருந்து ஸ்லாட்டுக்குள் இறங்கும்படி வைத்துத் தள்ளிப் பாருங்கள். குறித்த இடத்தில் இப்போதும் நின்றால் கோளாறு ஸ்லாட்டின் கழுத்தில் இருக்கிறது. இறக்கும்போது ஏதோ இடித்து விளிம்பு உள்பக்கம் பிதுங்கியிருக்கும். ஆயில் ஸ்டோன் வைத்துப் பிசிறை மட்டும் எடுங்கள், ஸ்லாட் சுவரைத் தொடாதீர்கள். தலைகீழாகத் தடையில்லாமல் ஓடினால் கோளாறு கீழே, விரிந்த பகுதியில். டார்ச் அடித்துப் பாருங்கள், வெட்டும்போது கட்டர் மாற்றிய இடத்தில் ஒரு சிறிய படி தெரியலாம். வாரன்டி இருக்கும்போது டேபிளில் கை வைக்காமல் சப்ளையரைக் கூப்பிடுங்கள். அவசரமென்றால் நட்டின் தலையில் 0.2 குறையுங்கள். நட்டை நாளைக்கு வேறு வாங்கலாம்.

இன்னொன்று. உங்கள் மெஷினின் மூலம் 1938-இல் அமெரிக்காவில் வந்த பிரிட்ஜ்போர்ட். அது அங்குல மெஷின், ஸ்லாட் 5/8 அங்குலம், அதாவது 15.88. அந்த வழியில் வந்தவற்றுக்கு கேட்லாகில் 16 என்று போட்டிருந்தாலும் சிலவற்றில் உண்மையில் 15.88-தான் இருக்கும். நட்டுக்கு அது பிரச்சினை இல்லை, அதன் கழுத்து எப்படியும் 16-ஐவிடக் குறைவு. வைஸின் கீ (வைஸை ஸ்லாட்டில் நேராக உட்கார வைக்க அதன் அடியில் மாட்டும் கட்டை) 16.00 இருந்தால் போகாது. அளந்து பாருங்கள்.

நட் ஸ்லாட்டுக்குள் ஆடுகிறது. டைட்டாக இருப்பதுதானே நல்லது? (ஓசூர்)

இல்லை. நட்டின் கழுத்து ஸ்லாட்டைவிட 0.3 முதல் 0.6 வரை குறைவாக இருக்க வேண்டும் என்பதுதான் அளவு. ஒரு விரலால் தள்ளினால் கடைசி வரை ஓட வேண்டும். துல்லியமாக உட்கார வேண்டியது வைஸின் கீ. அதற்காகத்தான் நடு ஸ்லாட்டை எச்8 என்ற நெருக்கமான டாலரன்ஸுக்கு வெட்டுகிறார்கள், 18 ஸ்லாட்டில் அது 0.03-க்குள் அடங்கும். கிளாம்ப் பண்ண மட்டும் உள்ள ஸ்லாட்டுக்குத் தளர்வான எச்12, சுமார் 0.2 வரை போகலாம்.

கழுத்தைவிட முக்கியம் நட்டின் தோள்கள் (கழுத்துக்கு இருபுறமும் தலையின் மேல்முகம்). இரண்டு தோளிலும் மெல்லிசாக ப்ளூ (தொடும் இடத்தைக் காட்டும் நீல மை) தடவி, ஸ்லாட்டில் விட்டு, கிளாம்ப் போட்டு மிதமாக இறுக்கிக் கழற்றுங்கள். இரண்டு தோளிலும் ப்ளூ அழிந்திருந்தால் சரி. ஒரே தோளில், அதுவும் ஒரு மூலையில் மட்டும் அழிந்திருந்தால் முழு இழுவையும் அந்த மூலையில்தான் விழுகிறது. வேறு நட் போட்டுப் பாருங்கள். எல்லா நட்டிலும் அதே பக்கம் என்றால் குறை டேபிளில், எந்த இடத்தில் என்று எழுதி சப்ளையருக்கு அனுப்புங்கள்.

டி-நட்டில் அடியில் கடைசி இரண்டு மரை சரியாக விழவில்லை, ஸ்டட் முழுசாக இறங்க மாட்டேன் என்கிறது. தரமில்லாத சரக்கு போல. டேப் (மரை வெட்டும் கருவி) விட்டு எல்லா நட்டையும் முழுசாகத் திறந்துவிட்டேன். மற்ற வாசகர்களுக்கும் பயன்படுமே என்று எழுதுகிறேன். (திருச்சி)

இதைப் படித்து யாரும் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே வெளியிடுகிறேன். அது குறை இல்லை. வேண்டுமென்றே விட்டது. ஸ்டட் நட்டைத் தாண்டி ஸ்லாட்டின் அடியைத் தொடக் கூடாது என்பதற்காக அங்கே மரையை அடைக்கிறார்கள். நீங்கள் டேப் விட்டு அந்தத் தடையை எடுத்துவிட்டீர்கள்.

என்ன நடக்கும் என்று சொல்கிறேன். ஸ்டட் இறங்கி ஸ்லாட்டின் அடியில் முட்டுகிறது. மேலும் திருகினால் அது ஜாக்கி ஆகிவிடுகிறது: ஸ்டட் அடியை அழுத்த, நட் மேலே ஏறி விளிம்புகளை அடியிலிருந்து நெம்புகிறது. எம்12 ஸ்டட்டை முறையாக இறுக்கினால் சுமார் 4 டன் இழுவை வரும். ஜாப்பை (வெட்டப்போகும் பொருளை) பிடிக்க வேண்டிய அந்த விசை இப்போது டேபிளைப் பிளக்கப் போகிறது. வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் தாங்காது. உள்மூலையில் விரிசல் விட்டு, விளிம்பு ஒரு சாண் நீளத்துக்குப் பெயர்ந்து வரும். வருகிற வரை சத்தம்கூடப் பெரிதாக இருக்காது.

அதைவிட மோசம், ஸ்பானரில் நல்ல டைட் தெரியும். ஆபரேட்டர் ஜாப் பிடித்துவிட்டது என்று நம்பிக் கட்டரை ஓட்டுவார். ஜாப் பிடித்திருக்காது. டேபிள் போனால் பணம், ஜாப் பறந்தால் கை.

ஒரு பட்டறையில் இப்படி உடைந்த டேபிளைப் பார்த்தேன். நடு ஸ்லாட்டில் விளிம்பு பெயர்ந்த இடத்துக்கு நேர் கீழே, ஸ்லாட்டின் அடியில், ஸ்டட் முனை பதிந்த வட்டத் தழும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. மாதக்கணக்காக யாரோ அங்கே முட்டி முட்டி இறுக்கியிருக்கிறார்கள். மெஷின் மட்டமான வார்ப்பு என்றுதான் முதலாளி திட்டிக்கொண்டிருந்தார். வார்ப்பில் ஒரு குறையும் இல்லை. புது மெஷின் வாங்கினாலும் பழையது வாங்கினாலும் ஸ்லாட்டின் அடியை டார்ச் அடித்துப் பாருங்கள். தழும்பு இருந்தால் அந்த மெஷினை எப்படி ஓட்டினார்கள் என்று தெரிந்துவிடும்.

இப்போது செய்ய வேண்டியது: திறந்த நட்களைத் தனியே எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றையும் கவிழ்த்து, அடி மரையில் சென்டர் பஞ்ச் வைத்து மூன்று இடத்தில் பலமாக அடித்து மரையை நசுக்குங்கள். பிறகு கையால் ஸ்டட்டைத் திருகிப் பாருங்கள், அடியில் எட்டிப் பார்க்காமல் நிற்க வேண்டும். நிற்காத நட்டைத் தூக்கிப் போடுங்கள். எம்12-க்கு 12 மி.மீ. மரை பிடித்தால் போதும், நட்டின் உயரமே 16 இருக்கும். முழுசாக இறங்கத் தேவையே இல்லை. நிரந்தரமாக மாட்டி வைக்கிற ஃபிக்சருக்கு டி-போல்ட் (ஸ்லாட்டுக்குள் போகும் தலையோடு ஒரே துண்டாக வரும் போல்ட்) போடுங்கள், இந்தக் கவலையே வராது.

பழைய கிட்டில் உள்ள நட்டில் என் எம்12 ஸ்டட் லூஸாக இறங்குகிறது, நாலு சுற்றில் இறுகிவிடுகிறது. பயன்படுத்தலாமா? (ராணிப்பேட்டை)

கூடாது. அது அரை அங்குல நட், 12.7 மி.மீ. மரை நுனிகள் மட்டும்தான் பிடித்திருக்கின்றன. பிட்ச் பொருந்தாததால் இறுகுகிறதே தவிர, பிடிப்பு இல்லை. அங்குல நட்களுக்கு சிவப்புப் பெயின்ட் அடித்து வேறு டப்பாவில் போடுங்கள்.

18 ஸ்லாட்டுக்கான எம்16 நட் நிறைய இருக்கிறது. கழுத்தையும் தலையையும் வெட்டி 16 ஸ்லாட்டுக்கு ஆக்கிக்கொள்ளலாமா? (கோவை, பீளமேடு)

வெட்டுவதற்கு முன் யோசித்துப் பாருங்கள். கழுத்து 16-க்குக் கீழே வரும், நடுவில் ஓட்டையே 16. பக்கவாட்டில் மரை வெளியே தெரியும். இஎன்8 (நடுத்தர கார்பன் எஃகு) கட்டையில் புதிதாக எம்12 போட்டுச் செய்யுங்கள். அடி மரையை மறக்காமல் அடைத்துவிடுங்கள்.

கிளாம்ப் இறுக்கும்போது ஸ்பானரில் பைப் மாட்டலாமா? (சேலம்)

கூடாது. 8.8 கிரேடு எம்12-க்கு 80 நியூட்டன் மீட்டர் போதும், சாதாரண ஸ்பானரில் கை பலத்துக்கே வரும். அதற்கும் ஜாப் நகர்கிறதென்றால் ஸ்டட் ஜாப்பை விட்டுத் தள்ளி, ஸ்டெப் பிளாக் (கிளாம்பின் பின்முனையைத் தாங்கும் படிக்கட்டை) பக்கம் இருக்கிறது. ஸ்டட்டை ஜாப் பக்கம் நகர்த்துங்கள், பிளாக் பக்கத்தை ஒரு நூல் உயரமாக வையுங்கள்.

புது மெஷினில் ஸ்லாட் நேராக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? டயல் வைத்தேன், 0.15 காட்டுகிறது. (ஹொசூர் சாலை, பெங்களூரு)

எந்த ஸ்லாட், எவ்வளவு நீளத்துக்கு? இரண்டும் எழுதவில்லை. நடு ஸ்லாட்டின் சுவரில் மட்டும் பாருங்கள், மற்றவை இந்த வேலைக்கு வெட்டியவை அல்ல. டயலை ஹெட்டில் பிடித்து, முனையைச் சுவரில் நேராகத் தொடவிடாமல், சுவரோடு ஒட்டி நகரும் ஒரு கிரைண்டிங் பண்ணிய கட்டையில் வைத்து டேபிளை ஓட்டுங்கள். 300 மி.மீ.க்கு 0.02-க்குள் இருந்தால் நல்ல மெஷின். அதற்குமேல் இருந்தால் டேபிள் ஜிப்பை (ஸ்லைடின் தளர்வைச் சரிசெய்யும் பட்டையை) சரிபார்த்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் 0.15 என்றால் பணத்தின் கடைசித் தவணையைப் பிடித்து வையுங்கள்.

ஸ்லாட்டில் சில்லு அடைக்காமலிருக்க ஏர் அடிக்கலாமா? (ஈரோடு)

ஏர் அடித்தால் சில்லு ஸ்லைடுக்குள்ளும் உங்கள் கண்ணுக்குள்ளும் போகும். பயன்படுத்தாத ஸ்லாட்டில் கழுத்து அகலத்துக்கு ரப்பர் பட்டையோ அலுமினியப் பட்டையோ போட்டு மூடி வையுங்கள். நட் விடுமுன் கொக்கி வைத்த கம்பியால் ஒருமுறை இழுத்துவிடுங்கள்.