'நோ ஒன் கில்டு ஜெசிகா': மெழுகுவர்த்தியா, கேஸ் கட்டா?

கேள்வி: பணமும் பதவியும் உள்ளவர்களை எதிர்த்து நீதி கேட்கும் இந்திக் குற்றப் படங்களில் ஒன்றை மட்டும் பரிந்துரைப்பதென்றால் எது? அது நடந்ததை நடந்தபடி சொல்கிறதா?

தயங்காமல் 'நோ ஒன் கில்டு ஜெசிகா' என்பேன். ராஜ்குமார் குப்தா இயக்கி 2011 ஜனவரியில் வெளிவந்தது. வித்யா பாலனும் ராணி முகர்ஜியும் நடித்தது. நடந்தபடி சொல்கிறதா என்றால், நீதிமன்றத்தில் வழக்கு தோற்கும் வரைக்கும் ஏறக்குறைய ஆமாம். அதற்குப் பிறகு நம் எல்லோருக்கும் பிடித்தமான வேறொரு கதைக்குப் படம் போய்விடுகிறது.

வழக்கை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1999 ஏப்ரல் 29 இரவு, தெற்கு தில்லி மெஹ்ரௌலியில் குதுப் மினாருக்குப் பக்கத்திலிருந்த 'டாமரிண்ட் கோர்ட்' என்ற உணவகத்தில் ஒரு விருந்து. மாடலாக இருந்த ஜெசிகா லால் அன்று அங்கே மது பரிமாறிக்கொண்டிருந்தார். நள்ளிரவு தாண்டி, பார் மூடிய பிறகு ஓர் இளைஞர் வந்து மது கேட்கிறார். இல்லை என்றதும் துப்பாக்கியை எடுக்கிறார். முதல் குண்டு கூரைக்கு, இரண்டாவது ஜெசிகாவின் தலைக்கு. சுட்டவர் மனு சர்மா, அப்போது ஹரியானா காங்கிரஸ் பிரமுகராக இருந்த வினோத் சர்மாவின் மகன். தில்லியின் பெரிய மனிதர்கள் வந்துபோன விருந்து அது. ஆனாலும் 2006 பிப்ரவரி 21 அன்று விசாரணை நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட ஒன்பது பேரையும் விடுதலை செய்தது. மறுநாள் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' போட்ட தலைப்புதான் பின்னர் படத்தின் பெயரானது.

இந்த ஏழாண்டுத் தோல்வியைப் படம் காட்டும் விதத்துக்காகத்தான் அதைப் பரிந்துரைக்கிறேன். ஜெசிகாவின் சகோதரி சப்ரீனாவாக வித்யா பாலன். பெரிய மூக்குக்கண்ணாடி, தோளில் ஒரு பை, வாய் திறந்து பேசுவதற்கே கூச்சப்படுகிற பெண். சாட்சிகளின் வீட்டு வாசலில் போய் நிற்கிறார். ஒருவர் முகம் கொடுத்துப் பேச மறுக்கிறார், இன்னொருவர் பார்க்கவே மறுக்கிறார். அழுகை, சபதம், வசனம் எதுவும் இல்லை. அந்த நடையிலேயே அலுப்பு தெரிகிறது.

மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் குற்றவியல் வழக்கறிஞரிடம் சில காலம் ஜூனியராக இருந்தவன் நான். சாட்சி பல்டி அடிப்பது என்றால் சினிமாவில் இடி இடிக்கும், இசை உயரும். நிஜத்தில் அதைப் போலச் சப்பென்ற காட்சி வேறு கிடையாது. திருவிழா அடிதடியைக் கண்ணால் பார்த்ததாகப் போலீசிடம் சொன்ன டீக்கடைக்காரர் கூண்டில் ஏறி, "அன்றைக்கு நான் கடையே திறக்கவில்லை" என்பார். அரசு வழக்கறிஞர் எழுந்து, பிறழ் சாட்சியாகக் கருதிக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்பார். எதிரிக்கு (குற்றம்சாட்டப்பட்டவருக்கு) உதவ வேண்டும் என்பதற்காக உண்மையை மறைத்துச் சொல்கிறீர்கள் என்றால்? "சரியல்ல." போலீஸ் விசாரணையில் நடந்ததை விவரமாகச் சொன்னீர்கள் என்றால்? "சரியல்ல." தட்டச்சர் அதையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருப்பார். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கூண்டை விட்டு இறங்குகிறவர் எதிரியையும் பார்க்க மாட்டார், அடிபட்டவரையும் பார்க்க மாட்டார், நேராக வாசலைப் பார்த்து நடப்பார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

போலீசிடம் அவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டு எப்படி மாற முடியும் என்று படம் பார்த்தவர்கள் கேட்பதுண்டு. போலீஸ் விசாரணையில் பதிவாகும் வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்தே வாங்கக் கூடாது என்பது சட்டம். கூண்டில் அவர் மாற்றிச் சொன்னால் முரண்பாட்டைச் சுட்டிக்காட்ட அது உதவும், அவ்வளவுதான். முதல் தகவல் அறிக்கை கையெழுத்தோடு இருந்தாலும் தனியாக நின்று குற்றத்தை நிரூபிக்காது. அடித்தே எழுதி வாங்கும் போலீசிடமிருந்து மக்களைக் காக்க வைத்த வேலி இது. வசதி படைத்தவருக்கு அதுவே வாசலாகிவிடுகிறது.

ஜெசிகா வழக்கில் முதல் தகவல் அறிக்கைக்கு அடிப்படையான வாக்குமூலத்தைக் கொடுத்த இளைஞர் நீதிமன்றத்தில் இரண்டு சொன்னார். எழுதப்பட்டது இந்தியில், எனக்கு இந்தி தெரியாது என்பது ஒன்று. கூரையைப் பார்த்துச் சுட்டவர் ஒருவர், ஜெசிகாவைச் சுட்டவர் இன்னொருவர் என்பது மற்றொன்று. இரண்டு தோட்டா உறைகளும் வெவ்வேறு துப்பாக்கியிலிருந்து வந்தவை போலத் தெரிகின்றன என்ற நிபுணர் கருத்தும் சேர்ந்துகொள்ள, அரசுத் தரப்பின் கதை இரண்டாகப் பிளந்தது. இந்தி தெரியாதென்ற அந்த இளைஞர் 2003-இல் வெளியான ஓர் இந்திப் படத்தில் நடித்தார் என்பது இந்த வழக்கிலிருக்கும் ஒரே நகைச்சுவை. படத்திலும் இதே போன்ற ஒரு பாத்திரம் உண்டு, வேறு பெயரில்.

இனி எனக்கு உடன்பாடில்லாத பகுதி. ராணி முகர்ஜியின் மீரா என்ற தொலைக்காட்சி நிருபர் முழுக்கக் கற்பனை. படத்தில் அவர் ஒருவரே எல்லாவற்றையும் சுமக்கிறார். நிஜத்தில் வேலை பலரிடம் பிரிந்து கிடந்தது. குறுஞ்செய்தி இயக்கம் நடத்தியது என்டிடிவி. சாட்சிகள் விலைபோனதை ரகசியக் கேமராவில் பதிவுசெய்தது தெஹல்கா இதழ், ஒளிபரப்பியது ஸ்டார் நியூஸ். இந்தியா கேட்டில் மெழுகுவர்த்தி ஏந்தி மக்கள் கூடியதும் உண்மைதான். 2006 ஜனவரியில் வந்திருந்த 'ரங் தே பசந்தி' படத்தின் காட்சி அதற்குத் தூண்டுதலாக இருந்ததும் உண்மைதான். ஆனால் படத்தைப் பார்த்து முடிப்பவர் மனத்தில், மக்கள் திரண்டார்கள், அதனால் நீதிமன்றம் தண்டித்தது என்ற கணக்கு தங்கிவிடுகிறது. அந்தக் கணக்கு தவறு.

தில்லி உயர் நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று மனு சர்மாவைக் குற்றவாளி என்றது. இரண்டு நாள் கழித்து ஆயுள் தண்டனை. மறுவிசாரணை எதுவும் நடக்கவில்லை. விசாரணை நீதிமன்றத்தில் இருந்த அதே கேஸ் கட்டுதான், அதே சாட்சியங்களும் ஆவணங்களும்தான், அங்கே போனது. உணவகத்தை நடத்திய பீனா ரமணியும் அவர் மகளும் கணவரும் பல்டி அடிக்கவில்லை, மனு சர்மாவை அங்கே பார்த்ததாக அடையாளம் காட்டியிருந்தார்கள். விருந்துக்கு வந்த இன்னொருவரும் உறுதியாகச் சொல்லியிருந்தார். கிடைத்த உறைகள் .22 ரகம். மனு சர்மாவிடம் உரிமம் பெற்ற .22 துப்பாக்கி இருந்தது, அது கடைசி வரை நீதிமன்றத்துக்கு வரவில்லை. அவர் வந்த டாட்டா சஃபாரி நொய்டாவில் கிடைத்தது. சம்பவத்துக்குப் பின் கூட்டாளிகளுக்குள் நடந்த தொலைபேசி அழைப்புகளின் பதிவுகள் இருந்தன. பிறழ் சாட்சிகளை ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் கோத்துப் பார்த்தாலே நடந்தது முழுமையாகத் தெரிகிறது என்று உயர் நீதிமன்றம் கண்டது. மெழுகுவர்த்தி மேல்முறையீட்டைச் சீக்கிரம் வரவழைத்தது, விசாரணையை வேகப்படுத்தியது. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தண்டனை வந்தது அந்தக் கேஸ் கட்டிலிருந்து. ஏழு ஆண்டு யாரும் கேமரா காட்டாத நேரத்தில் கூண்டில் ஏறி உண்மையைச் சொன்ன நான்கைந்து பேருக்குப் படத்தில் மீராவுக்குக் கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு நேரமாவது கொடுத்திருக்கலாம்.

2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. தீர்ப்பை எழுதியவர் ஈரோடு மாவட்டத்துக்காரரான நீதிபதி ப.சதாசிவம், பின்னாளில் தலைமை நீதிபதி ஆனவர். தண்டனையை உறுதிசெய்த அதே தீர்ப்பில், விசாரணைக்கு முன்பே ஊடகங்கள் ஒருவரைக் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது என்ற எச்சரிக்கையும் உண்டு. படம் அதற்கு ஒன்பது மாதம் கழித்து வந்தது. இந்தச் சிக்கலை அது தொடவே இல்லை. இன்றைக்குத் தொலைக்காட்சியில் இரவு ஒன்பது மணிக்கு நடக்கும் கூத்தைப் பார்த்தால், தொட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

படத்தில் இடம்பெறாத இன்னொரு கிளைக்கதை என்னை அதிகம் தொந்தரவு செய்வது. ஜெசிகா வழக்கில் தடயங்களை அழித்ததற்காக நான்காண்டு தண்டனை பெற்றவர்களில் ஒருவர் விகாஸ் யாதவ், உத்தரப் பிரதேச அரசியல்வாதி டி.பி.யாதவின் மகன். அந்த வழக்கில் ஜாமீனில் வெளியே இருந்தபோதுதான், 2002 பிப்ரவரியில், தன் தங்கை காதலித்த நிதீஷ் கட்டாரா என்ற இளைஞரைக் கடத்திக் கொன்றார். நிதீஷின் தாய் நீலம் கட்டாரா, வழக்கு காஜியாபாதில் நடந்தால் சாட்சி ஒருவரும் மிஞ்ச மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் போய் அதைத் தில்லிக்கு மாற்ற வைத்தார். 2008-இல் ஆயுள் தண்டனை, 2016-இல் தண்டனைக் குறைப்பில்லாத 25 ஆண்டு. அங்கே பெரிய மெழுகுவர்த்திக் கூட்டம் இல்லை. ஒரு தாய் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய் உட்கார்ந்திருந்தார். சப்ரீனாவும் அப்படித்தான். படத்தின் முதல் பாதிக்குத் தெரிந்த இந்த விஷயம் இரண்டாம் பாதிக்கு மறந்துபோகிறது.

சட்டம் அன்றிருந்த நிலையையும் தெரிந்துகொண்டு பாருங்கள். 2006-இல் விடுதலைத் தீர்ப்பை எதிர்த்துச் சப்ரீனாவால் தானாக மேல்முறையீடு செய்ய முடியாது. அரசு மனம் வைத்தால்தான் உண்டு. அரசை அசைக்கத்தான் தெரு தேவைப்பட்டது. பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம் என்ற திருத்தம் 2009-இன் கடைசி நாளில் நடைமுறைக்கு வந்தது. சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது. ஏட்டில் இருக்கிறது. மாவட்ட நீதிமன்றத்தில் சாட்சிக்கு உட்கார ஒரு பெஞ்சு கிடைத்தாலே பெரிது.

நடிப்பு என்று வந்தால், ராணி முகர்ஜிக்குத்தான் ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. எனக்கு வித்யா பாலன்தான். விசாரணை அதிகாரியாக வரும் ராஜேஷ் சர்மாவையும் கவனியுங்கள். நல்லவர், கெட்டவர் என்று பெயர் ஒட்ட முடியாத போலீஸ்காரர். நான் பார்த்த இன்ஸ்பெக்டர்களில் பாதிப் பேர் அப்படித்தான். அமித் திரிவேதியின் இசை சில இடங்களில் காட்சியைத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடுகிறது.

படம் முடிந்த பிறகு நடந்தவை: மனு சர்மா 2020 ஜூனில் தண்டனைக் குறைப்பில் தில்லி திகார் சிறையிலிருந்து விடுதலையானார். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே, அவரை விடுவிப்பதில் தனக்கு ஆட்சேபம் இல்லை, மன்னித்துவிட்டேன் என்று சப்ரீனா சிறை நிர்வாகத்துக்கு எழுதியிருந்தார். 2021 ஆகஸ்டில் சப்ரீனா காலமானார்.

வீட்டில் பிள்ளைகளோடு பார்ப்பதாக இருந்தால் ஒரு தகவல். மீரா வாயைத் திறந்தால் வசவு. இந்தி தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.