தானாகக் குறைந்தால் நோய் போய்விட்டதா?

கேள்வி: என் தங்கைக்கு வயது 26, பள்ளி ஆசிரியை. சென்ற ஆண்டு ஒரு கண் வலித்துப் பார்வை மங்கியது. சில வாரங்களில் தானாகத் தெளிந்தது. இப்போது இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருக்கிறது. ஸ்கேன் பார்த்த நரம்பியல் மருத்துவர் ‘மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்’ என்கிறார். உறவினர்களோ வெறும் நரம்புத் தளர்ச்சிதான், சத்து ஊசி போட்டால் போதும் என்கிறார்கள். மரப்பும் குறைந்து வருகிறது. மருந்து அவசியமா? படுத்த படுக்கையாகிவிடுவாளா? வரன் பார்த்து வருகிறோம்; அவர்களிடம் சொல்ல வேண்டுமா?

பதில்: மரப்பு குறைவது நல்லதுதான். ஆனால் இந்த நோய் ஆளை ஏமாற்றுவதே இப்படித்தான். வரும், சில வாரம் படுத்தும், போய்விடும். கண்ணுக்கு ஒரு மருத்துவர், காலுக்கு இன்னொருவர் என்று போவதால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லாமல் ஆண்டுகள் ஓடிவிடும். உங்கள் மருத்துவர் சேர்த்துப் பார்த்திருக்கிறார்.

நம் உடலின் எதிர்ப்பாற்றலே தடம் மாறி, மூளையிலும் தண்டுவடத்திலும் பார்வை நரம்பிலும் உள்ள நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்ற காப்பு உறையைத் தாக்குகிறது. எந்த இடத்தில் உறை சிதைகிறதோ அதற்கேற்ப அறிகுறி தோன்றும். வீக்கம் வடிந்ததும் அறிகுறி தணியும். தழும்பு மட்டும் தங்கிவிடும். எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும் வெண்புள்ளிகள் இவைதாம். உலகில் சுமார் 28 லட்சம் பேருக்கு இது இருக்கிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும், பெண்களுக்கே அதிகம். பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ள நாடுகளில் குறைவு என்பதால் நம் ஊரில் பலர் கேள்விப்பட்டதில்லை.

வீட்டிலேயே ஒன்றைக் கவனிக்கலாம். சிவப்பு நிறப் பேனா மூடி ஒன்றை நீட்டி, தங்கையை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். எழுத்தெல்லாம் தெளிவாகப் படிக்கும் கண்ணுக்கும் அந்தச் சிவப்பு வெளுத்துத் தெரிந்தால், பார்வை நரம்பு முழுமையாகத் தேறவில்லை என்று சந்தேகிக்கலாம். கழுத்தைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்வது போல இருக்கிறதா, வெந்நீரில் குளித்தால் பார்வை மங்குகிறதா என்றும் கேளுங்கள். வெந்நீரால் வரும் மங்கல் உடல் குளிர்ந்ததும் விலகிவிடும். அது புதிய தாக்குதல் அல்ல. காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இல்லாமல், புதிய அறிகுறி ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

சத்து ஊசி விஷயத்துக்கு வருகிறேன். பி12 குறைந்தாலும் கால் மரத்துப்போகும் என்பது உண்மை. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், குறைந்திருந்தால் ஊசி போடட்டும். ஆனால் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் சூட்டி ஊசி மேல் ஊசி போடும் வழக்கத்தால் எத்தனையோ பேரின் நேரம் வீணாகியிருக்கிறது. தங்கைக்குப் பார்க்க வேண்டிய முக்கியமான ரத்தப் பரிசோதனை வேறு: அக்வாபோரின்-4 எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்பது. அது இருந்தால், கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும் என்.எம்.ஓ. என்ற இன்னொரு நோய் என்று பொருள். அந்த நோயும் இதே வேடத்தில் வரும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குத் தரும் சில மருந்துகள் அதை மோசமாக்கிவிடும்.

இனி மருந்து. ஸ்டீராய்டு ட்ரிப், தாக்குதல் தணிவதை விரைவுபடுத்தும். நோயின் எதிர்காலப் போக்கை மாற்றாது. மரப்பு தானாகக் குறைந்துவருவதால் அது இப்போது தேவையில்லை என்று உங்கள் மருத்துவர் சொன்னாலும் வியப்பில்லை. ஆனால் நோய் உறுதியானால், அடுத்த தாக்குதல்களைக் குறைக்கும் நீண்ட கால மருந்து வேண்டும். மாத்திரை, ஊசி, ட்ரிப் என்று பல வகைகள் உள்ளன. விலை வகைக்கு வகை மாறும். டைமெத்தில் ஃபியூமரேட் போன்றவை இந்தியத் தயாரிப்பாகவே கிடைக்கின்றன. ஏற்கெனவே விழுந்த தழும்பை இவை அழிப்பதில்லை. அதனால்தான் சீக்கிரம் தொடங்கச் சொல்கிறோம். படுத்த படுக்கை என்ற பயம், இத்தகைய மருந்துகள் இல்லாத காலத்துப் பயம். இன்று தொடக்கத்திலேயே சிகிச்சை பெறுபவர்களில் பலர் வேலைக்குப் போகிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். எல்லோருக்கும் அப்படியே அமையும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது.

பின்னாளில் நடப்பதில் சிரமம் ஏற்பட்டால், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்த நோயும் சேர்க்கப்பட்டிருப்பதை நினைவில் வையுங்கள். பாதிப்பின் அளவைப் பொறுத்துச் சான்றிதழ் பெறலாம்.

வரன் வீட்டாரிடம் சொல்லுங்கள் என்பதே என் கருத்து. ஆனால் தங்கையின் சம்மதத்தோடு, முடிந்தால் அவரே சொல்லட்டும். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மருந்து எடுப்பதை ஒரே வீட்டில் எப்படி மறைப்பது? மறைக்க நினைப்பவர்கள் முதலில் நிறுத்துவது மருந்தைத்தான். இது தொற்றாது, தாய்க்கு இருந்தாலும் பெரும்பாலான குழந்தைகளுக்கு வருவதில்லை. கர்ப்ப காலத்தில் தாக்குதல்கள் குறையும், பிரசவத்துக்குப் பிந்தைய சில மாதங்களில் கூடும். சில மருந்துகளைக் கருத்தரிக்கும் முன்பே நிறுத்த வேண்டும். ஆகவே திருமணப் பேச்சு நடப்பதை நரம்பியல் மருத்துவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். மருந்தைத் தேர்ந்தெடுப்பதே அதைப் பொறுத்துத்தான். அடுத்த முறை போகும்போது சென்ற ஆண்டின் கண் மருத்துவர் சீட்டையும் தேடி எடுத்துச் செல்லுங்கள்.