ரோட்டுல சாக்கடை வழியுது: யாரை டேக் பண்ணணும்?

ரோட்டுல சாக்கடை வழியுதுன்னு மாநகராட்சிய டேக் பண்ணி எக்ஸ்ல மூணு தடவ போட்டும் பதில் வரலைன்னு கேட்டிருந்தீங்க. மாநகராட்சிய மட்டும் டேக் பண்ணாதீங்க, சென்னைல பாதாள சாக்கடை குடிநீர் வாரியத்தோட வேலை, மழைநீர் வடிகால்தான் மாநகராட்சி. பதில் வராததுக்கு பெரும்பாலும் இதுதான் காரணமா இருக்கும்.

தண்ணி எதுலேர்ந்து வருதுன்னு பாருங்க. நடுரோட்டு வட்ட மூடின்னா அநேகமா வாரியம், ஓரத்து நீள ஸ்லாப்னா வடிகால். போட்டோல மூடியும் பக்கத்து கடை போர்டும் சேர்ந்து தெரியணும் (வெறும் தண்ணிய படம் புடிச்சு போட்டா எந்தத் தெருன்னு யாருக்குத் தெரியும்), கூடவே ஏரியா, தெரு, வார்டு நம்பர் எழுதுங்க.

போஸ்ட் மட்டும் போதாது, வாரியத்துக்கு 044-45674567, மாநகராட்சிக்கு 1913, போன் பண்ணி புகார் எண் வாங்கி அதையே போஸ்ட்ல போட்டு கேளுங்க.

வடிகால்லயே சாக்கடை கலந்து வந்துச்சுன்னா ரெண்டு பேரையும் டேக் பண்ணணும். உங்க போன் நம்பர பப்ளிக்கா போட்றாதீங்க, டிஎம்ல (தனி மெசேஜ்ல) கேட்டா குடுங்க.