வார்த்தை மனசில் நிற்க என்ன வழி? ஞாயிற்றுக்கிழமை கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் 31 வருடம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஆங்கில வார்த்தைகளை எப்படி ஞாபகம் வைப்பது என்று இந்த வாரம் நம் குழுவில் கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை. இலக்கணக் கேள்விகளை அடுத்த வாரத்துக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

தென்காசி, நர்சிங் மாணவி: தினமும் இருபது வார்த்தையைப் பத்துப் பத்துத் தடவை எழுதுகிறேன் சார். மறுநாள் பாதி கூட நிற்கவில்லை. எனக்கு மறதி அதிகமா?

இல்லை தாயி, உன் மூளை நன்றாகத்தான் இருக்கிறது. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். ஒரு நாள் கழித்து அதே பட்டியலை மறுபடி படிக்க உட்கார்ந்தபோது, முதலில் பட்ட பாட்டில் மூன்றில் ஒரு பங்குதான் அவருக்கு மிச்சமானது. மறப்பது எல்லாருக்கும் பொது.

கோளாறு பத்துத் தடவை எழுதுவதில் இருக்கிறது. மூன்றாவது வரிக்கு மேல் கண் மேல் வரியைப் பார்க்கிறது, கை கீழே இறக்குகிறது, மனசு வேறெங்கோ போய்விடுகிறது. நோட்டை மூடு. மூடிவிட்டு, அந்த வார்த்தை என்ன என்று உள்ளேயிருந்து எடுத்துப் பார். வராமல் ஒரு நிமிஷம் திணறினாலும் பரவாயில்லை, அந்தத் திணறல்தான் அதை உள்ளே ஆழமாக ஊன்றுகிறது.

என்னிடம் படித்த ஒரு பெண் பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டுச் சீட்டாக வெட்டுவாள். வெள்ளைப் பக்கத்தில் ஆங்கில வார்த்தை, அச்சடித்த பக்கத்தின் ஓரத்தில் அர்த்தம். அல்வா வாங்கி வந்த அட்டை டப்பாவில் இரண்டு தடுப்பு வைத்து மூன்று அறை செய்திருந்தாள். புதுச் சீட்டு முதல் அறையில் இருக்கும், தினமும் பார்ப்பாள். சரியாகச் சொன்னால் அது இரண்டாம் அறைக்குப் போகும், மூன்று நாளுக்கு ஒருமுறை. அங்கேயும் சரியென்றால் மூன்றாம் அறை, வாரம் ஒருமுறை. எங்கே தப்பினாலும் முதல் அறைக்கே திரும்பி வர வேண்டும். ‘ரிலக்டன்ட்’ என்ற சீட்டு நாலு தடவை திரும்பி வந்து, நெய்க்கறை ஏறி, மூலை மடங்கிப் போயிருந்தது. கடைசியில் அதுவும் மூன்றாம் அறைக்குப் போனது. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970களில் எழுதிப் பரப்பிய பெட்டி முறைதான் இது.

அம்பாசமுத்திரம், வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்: ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை படிக்கலாம்?

எட்டு. மிஞ்சினால் பத்து. பஸ் ஸ்டாண்டில் தொங்கும் ‘30 நாளில் 3000 வார்த்தை’ மாதிரிப் புத்தகங்களை வாங்காதீர்கள் தம்பி. புதுசு எட்டு சேரும்போது பழசு நாற்பதைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும், அந்தக் கணக்கை அவை சொல்வதே இல்லை.

தூத்துக்குடி, ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை: வார்த்தையின் வேரைத் தெரிந்துகொண்டால் சுலபம் என்கிறார்களே?

ஓரளவு தெரிந்தவர்களுக்கு மிகவும் நல்லது. உங்கள் மேசையிலேயே உதாரணம் கிடக்கிறது. லத்தீனில் ‘போர்ட்டாரே’ என்றால் சுமந்து செல்வது. வெளியே சுமந்தால் எக்ஸ்போர்ட், உள்ளே சுமந்தால் இம்போர்ட், அக்கரை சேர்த்தால் டிரான்ஸ்போர்ட், ஜங்ஷனில் பெட்டி தூக்குபவர் போர்ட்டர். சேதியைத் திருப்பிச் சுமந்து வருவதுதான் ரிப்போர்ட். ஆனால் உங்கள் ஊர்த் துறைமுகமான ‘போர்ட்’ வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதனால் வேரை வைத்து ஊகித்த பிறகு அகராதியில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

சங்கரன்கோவில், ஆசிரியர்: தமிழ் அர்த்தம் எழுதவே விடக் கூடாது என்பது என் கட்சி. ஆங்கிலத்தை ஆங்கிலத்தால்தான் படிக்க வேண்டும்.

சார், இதில் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். தென்காசிப் பிள்ளைக்கு ‘ட்ரிஸில்’ என்ற வார்த்தையை எப்படிச் சொல்லித் தருவீர்கள்? மிகச் சிறு துளிகளாக விழும் லேசான மழை என்று ஆங்கிலத்தில் விளக்கினால், அந்த விளக்கத்திலேயே அதற்குத் தெரியாத வார்த்தை இரண்டு இருக்கும். ‘குற்றாலத்துச் சாரல்’ என்று சொல்லிப் பாருங்கள், முகத்தில் ஈரம் படும். சாயர்புரத்தில் பள்ளி நடத்திய ஜி.யு.போப்பும் தமிழ் படிக்க வந்த ஆங்கிலேயருக்கு ஆங்கிலத்தில் விளக்கித்தான் கைநூல் எழுதினார்.

அதே ஆசிரியர்: அப்படிப் பழக்கியதால்தான் பிள்ளைகள் ‘கேள்’ என்ற ஒரே அர்த்தத்தை மூன்று வார்த்தைக்கு எழுதிவிட்டு, எங்கே எதைப் போடுவது என்று முழிக்கிறார்கள்.

இது நியாயமான அடி, ஒப்புக்கொள்கிறேன். பாட்டுக் கேட்டால் ‘லிசன்’, சத்தம் கேட்டால் ‘ஹியர்’, வழி கேட்டால் ‘ஆஸ்க்’. ‘போடு’ இன்னும் மோசம். டீ போட்டால் ‘மேக்’, சட்டை போட்டால் ‘வேர்’, கோலம் போட்டால் ‘டிரா’. ஆனால் இதற்கு மருந்து தமிழை விரட்டுவது இல்லை சார். சீட்டில் தனிச் சொல்லை எழுதாமல் துணையோடு எழுத வேண்டும். ‘ஆஸ்க் என்றால் கேள்’ என்று எழுதாதீர்கள், ‘வழி கேட்டேன்’ என்று எழுதி அதற்கு முழு ஆங்கில வரியைச் சொல்ல வையுங்கள். நம் ஒரே தமிழ் வார்த்தை எந்த இடத்தில் எந்த ஆங்கில வார்த்தையாகப் பிரிகிறது என்று பிள்ளை அப்போதுதான் கவனிக்கும்.

கடையநல்லூர், துபாயில் கடை வேலை: நான் சங்கரன்கோவில் சார் கட்சி. தமிழ் அர்த்தம் எதுவும் எழுதாமல் வாடிக்கையாளரிடம் பேசியே கற்றேன்.

நீங்கள் தினமும் பத்து மணி நேரம் அந்த மொழிக்குள்ளேயே நின்றீர்கள். ஒரே வார்த்தை ஒரு நாளில் முப்பது தடவை காதில் விழுந்திருக்கும், அத்தனை தடவையும் நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். அதைவிட நல்ல வகுப்பு கிடையாது, மனசார ஒப்புக்கொள்கிறேன். கடையநல்லூரிலேயே இருந்து படிக்கும் உங்கள் தம்பிக்கு அந்த வாடிக்கையாளர் கிடையாது, அவனுக்குச் சீட்டு வேண்டும். நீங்கள் ஒரு உதவி செய்யலாம்: வாரம் இரண்டு தடவை போனில் அவனோடு ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள்.

சங்கரன்கோவில் ஆசிரியர் மறுபடியும்: அப்படியானால் எட்டாம் வகுப்புக்கு மேல் தமிழ் வேண்டாம் என்றாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

வகுப்பை வைத்து வேண்டாம் சார், பிள்ளையை வைத்து முடிவு செய்வோம். ஆங்கில விளக்கத்தில் தெரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லையென்றால் தமிழை எடுத்துவிடலாம்.

நாங்குநேரி: தினமும் எத்தனை வார்த்தை படிக்கலாம்?

மேலே அம்பாசமுத்திரத்துக்குச் சொல்லியிருக்கிறேன்.

வள்ளியூர், நாலாம் வகுப்புப் பையனின் அம்மா: ஸ்பெல்லிங்தான் வரவே மாட்டேன் என்கிறது.

எழுத்து எழுத்தாக ஒப்பிக்க விடாதீர்கள் அம்மா. துண்டு துண்டாக, எழுதியிருக்கிறபடியே உரக்கச் சொல்லட்டும்: ‘வெட்-நெஸ்-டே’. பேசும்போது ‘வென்ஸ்டே’. அப்புறம் பார்த்து எழுதக் கூடாது. பார்த்து, மூடி, எழுதி, திறந்து, தானே திருத்த வேண்டும். ஐந்து வார்த்தை போதும்.

பேட்டை: செல்போன் ஆப் எதையாவது சொல்லுங்கள்.

‘அங்கி’ (Anki). ஆண்ட்ராய்டில் இலவசம். அல்வா டப்பா செய்யும் வேலையைத் தானே நாள் கணக்குப் போட்டுச் செய்யும். அடுத்தவர் செய்து வைத்த சீட்டுகளை இறக்காதீர்கள், நீங்களே எழுதுங்கள்.

களக்காடு: வியாழக்கிழமை இன்டர்வியூ. 500 வார்த்தை ஏற்ற வழி உண்டா?

கிடையாது. உங்கள் வேலையைப் பற்றி இருபது வரி எழுதி, மூடி வைத்துவிட்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

முக்கூடல்: ஒரு நாளைக்கு எவ்வளவு வார்த்தை...

எட்டு, அண்ணாச்சி. நோட்டை மூடி எட்டு.

உவரி, ஆறாம் வகுப்பு: இங்கிலீஷ்ல நம்ம வார்த்தை இருக்கா தாத்தா?

இருக்கிறது கண்ணு. உங்கள் கடற்கரையில் கிடக்கும் கட்டுமரம்தான் ‘கட்டமரான்’. சுருட்டு ‘செரூட்’ ஆனது, மிளகுத்தண்ணி ‘மல்லிகடானி’ ஆனது. மூன்றுக்கும் ஸ்பெல்லிங்கை அகராதியில் பார்த்துச் சீட்டில் எழுதி, அடுத்த ஞாயிறு பார்க்காமல் எனக்குச் சொல்லு.