சட்டக் கல்லூரி நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருந்தால் என்ன பயன்?

சட்டக் கல்லூரி என்பது வக்கீல் தொழிலுக்கு ஆளைத் தயார்படுத்தும் இடம். 1891-இல் தொடங்கிய சென்னை சட்டக் கல்லூரி, உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டியே இருந்தது. சட்டப் பிரிவுகளைப் புத்தகத்தில் படித்துவிடலாம். ஆனால் தயங்கும் சாட்சியிடம் எப்படிக் கேள்வி கேட்பது, நீதிபதி இடைமறித்தால் எந்த இடத்தில் நிறுத்துவது என்பதெல்லாம் நேரில் பார்த்தால்தான் பிடிபடும். கரையில் நின்றே நீச்சல் பழக முடியுமா? 1990-இல் அம்பேத்கர் பெயர் பெற்ற அந்தக் கல்லூரியின் வகுப்புகள் 2018-இல் சென்னைக்கு வெளியே உள்ள புதுப்பாக்கத்துக்கும் பட்டரைபெரும்புதூருக்கும் போனதில் எனக்கு வருத்தம்தான்.

சரி, படிப்புகள்? பிளஸ் டூ முடித்தவர்களுக்கு 5 வருடம், டிகிரி முடித்தவர்களுக்கு 3 வருடம். 3 வருடப் படிப்பு மதிப்புக் குறைந்தது என்று பலர் நினைப்பது தவறு. இரண்டு பேருக்கும் வக்கீல்களைப் பதிவு செய்யும் அமைப்பான பார் கவுன்சிலில் ஒரே பதிவு, தொழில் செய்ய ஒரே தகுதித் தேர்வு.