முன்பணம் கொடுக்கும் முன், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். வில்லிவாக்கத்தில் இருக்கிறீர்கள், டிப்ளமோ நர்சிங் முடித்துத் தனியார் மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கிறீர்கள், அப்பா இல்லை, தங்கையின் கல்யாணம் தள்ளிக்கொண்டே போகிறது. இங்கிலாந்தில் கேர் வொர்க்கர், அதாவது பராமரிப்புப் பணியாளர், விசா வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜென்ட் 14 லட்ச ரூபாய் கேட்பதால், வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்க நினைக்கிறீர்கள். "ஆபிரகாம் போகும் இடம் தெரியாமல்தானே புறப்பட்டார், நானும் விசுவாசத்தில் அடியெடுத்து வைக்கட்டுமா அக்கா?" என்பது உங்கள் கேள்வி. குளிருக்கு என்ன உடுப்பு, அரிசி கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். அரிசி கிடைக்கும், உடுப்பை இங்கே இங்கிலாந்திலேயே வாங்கிக்கொள்ளலாம். முதல் கேள்வியை மட்டும் என்னால் அப்படி இரண்டு வரியில் விட முடியாது, ஏனென்றால் 2003ஆம் ஆண்டு அயனாவரத்திலிருந்து ஏறக்குறைய இதே கேள்வியோடு புறப்பட்டவள் நான்.

அந்த ஏஜென்ட் விற்கும் பொருளே இப்போது கிடையாது. 2025 ஜூலை 22 முதல் கேர் வொர்க்கர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை இங்கிலாந்து நிறுத்திவிட்டது. அதற்கு முன்பே, 2024 மார்ச் 11 முதல், அந்த விசாவில் வருகிறவர்கள் குடும்பத்தை அழைத்துவரவும் முடியாமல் போனது. நம் நாட்டிலும் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற முகவர்தான் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்ச வரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. பதிவு பெற்றவர்களின் பட்டியல் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. சந்தேகம் கேட்கவும் புகார் கொடுக்கவும் சென்னையிலேயே குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. ஆகையால் 14 லட்சம் கேட்கிற மனிதர் எந்தக் கணக்கில் அதைக் கேட்கிறார் என்று நீங்கள் அவரிடமே கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதை அவிசுவாசம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆபிரகாமைப் புறப்படச் சொன்னவர் ஆண்டவர், தம்பி. உங்களைப் புறப்படச் சொல்வது யார் என்பதை நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

நான் அதை யோசிக்கவில்லை. அந்தக் காலத்தில் இந்திய நர்சுகள் இங்கே சில மாதங்கள் மேற்பார்வையில் வேலை பார்த்த பிறகுதான் பதிவு எண் கிடைக்கும். அதற்கு அடாப்டேஷன் என்று பெயர். லெஸ்டர் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு இடம் தயாராக இருப்பதாகச் சொல்லித்தான் ஏஜென்ட் பணம் வாங்கினார். அம்மா தன் இரண்டு வளையல்களையும் அடகு வைத்தார். ஜனவரி மாதத்தில், சென்னையில் வாங்கிய மெல்லிய ஸ்வெட்டரோடு, அந்த இல்லத்தின் வாசலில் போய் நின்றேன். வரவேற்பு மேசையிலிருந்த பெண் பட்டியலை மேலிருந்து கீழாக விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மறுபடியும் கீழிருந்து மேலாகத் தடவிப் பார்த்தார். என் பெயர் அதில் இல்லை. கையில் 60 பவுண்டு இருந்தது. ஏஜென்டின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது.

முன்பின் தெரியாத ஒரு மலையாள அக்கா தன் சமையலறையில் மெத்தை போட்டுக் கொடுத்தார். மறுநாள் காலையில் டெலிபோன் டைரக்டரியிலிருந்து முதியோர் இல்லங்களின் முகவரிகளை எழுதிக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். பேருந்துக்குக் காசு செலவழிக்கப் பயம். கோட்டுப் பையில் செபமாலை இருந்தது. ஒரு வாசலுக்கும் அடுத்த வாசலுக்கும் நடுவில் அதன் பத்து மணிகளைச் சொல்லி முடிப்பது என்று கணக்கு. அன்று 11 வாசல்கள், அடுத்த நாள் 9. மூன்றாம் நாள் மதியம் ஒரு இல்லத்தின் மேட்ரன், அதாவது தலைமை நர்ஸ், என் சான்றிதழ்களைப் படித்துவிட்டு, தேநீர் கொடுத்து, திங்கட்கிழமை வர முடியுமா என்று கேட்டார். என் வாழ்க்கையில் விசுவாசத்தில் அடியெடுத்து வைத்தது எப்போது என்று கேட்டால், மீனம்பாக்கத்தில் விமானம் ஏறிய நாளை நான் சொல்ல மாட்டேன். அன்று ஏஜென்டை நம்பித்தான் ஏறினேன். ஆண்டவரைத் தவிர யாருமே இல்லாமல் அந்த வாசல்களைத் தட்டிய மூன்று நாட்களைத்தான் சொல்வேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் அம்மாவும் நானும் பரங்கிமலைக்குப் போனோம். அம்மா முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியிலும் நின்று செபம் சொல்லி ஏறினார். உச்சியில் நின்றால் விமான நிலைய ஓடுதளம் தெரியும். அந்தப் படிகளைக் கட்டித் தந்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர் என்பதைப் பின்னாளில்தான் படித்தேன். பாரசீகத்திலிருந்து மதராசுக்கு வந்து குடியேறி, வேப்பேரியில் அடக்கமானவர். 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலம் கட்டியவரும் அவரே. மலைக்குப் போகிறவர்கள் விசுவாசத்தோடு ஆற்றில் இறங்கட்டும் என்று அவர் விட்டுவிடவில்லை. நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்த ஒருவர், பின்னால் வருகிறவர்களுக்காக இதைச் செய்தார் என்பது என்னை இன்றும் நெகிழச் செய்கிறது.

இங்கே இருக்கும் நம்மவர்களில் சிலர்மீது எனக்கு வருத்தம் உண்டு. விசா கிடைத்ததைச் சாட்சியாகச் சொல்கிறார்கள். அதற்குக் கட்டிய தொகையையும், வேலை கொடுத்த நிறுவனம் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கும் ஸ்பான்சர் உரிமத்தை இழந்தபின் பட்ட அவதியையும் சொல்வதில்லை. புதுக் காரின் முன்னால் எடுத்த படம் மட்டும் ஊருக்குப் போகிறது. அதைப் பார்த்துத்தான் உங்களைப் போன்றவர்கள் பத்திரத்தை எடுக்கிறீர்கள்.

உங்களுக்கு நேர்வழி ஒன்று இருக்கிறது. நீங்கள் நர்ஸ். ஓ.இ.டி. அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு எழுதுங்கள், அதன்பின் சி.பி.டி. என்ற கணினித் தேர்வை இந்தியாவிலேயே எழுதலாம்; ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு மட்டும் இங்கே வந்த பிறகு. நர்சுகளுக்கான விசா இன்னும் இருக்கிறது. வேலை இடம் முன்பைவிடக் குறைவு என்பதால் ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். இரவுப் பணி முடித்துவிட்டு, கண் எரிய உட்கார்ந்து ஆங்கிலக் கடிதம் எழுதிப் பழகும் அந்த ஒரு வருடத்தையும் ஆண்டவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆங்கிலம் வராது என்று பயப்பட வேண்டாம். இந்த ஊர்க்காரர்கள் அன்பாக "மி டக்" என்று, நாம் "கண்ணு" என்பதுபோல, கூப்பிடுவார்கள். முதலில் அது புரியாமல் விழித்த நான், இன்று என் நோயாளிகளை அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

அம்மாவின் வளையல்களை மீட்க எனக்கு மூன்று வருடம் ஆனது. மீட்டு அனுப்பியபோது அவர் கை மெலிந்திருந்தது. போட்டால் நழுவுகிறது என்று பீரோவில் வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை முன்பணம் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன் அந்த ஏஜென்டின் பதிவு எண்ணையும், வேலை தருவதாகச் சொல்லும் நிறுவனத்தின் பெயரையும் எனக்கு அனுப்புங்கள். ஸ்பான்சர் உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியலை இங்குள்ள அரசு வெளிப்படையாக வைத்திருக்கிறது. நானே தேடிப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பத்திரம் அம்மாவின் பெட்டியிலேயே இருக்கட்டும்.